அம்மாவின் முகத்தில் நான் கூட்டிய வெளிச்சம்

மகன்,

உனக்குத் தமிழில் வாசிக்க நேரம் எடுக்கும் என்று தெரியும். தெரிந்துதான் தமிழில் எழுதுகிறேன். ஆங்கிலத்தில் எழுதினால் பஸ்ஸில் நின்றபடியே வாசித்து முடித்து இரண்டு சொல்லில் பதில் போட்டுவிடுவாய். சனிக்கிழமை காலைகளில் உன்னைக் கட்டிலிலிருந்து இழுத்து இல்ஃபோர்ட் தமிழ்ப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிக்கொண்டு போனவள் அம்மா. அவள் பட்ட பாட்டில்தான் இன்றைக்கு என்னால் உனக்கு இப்படி எழுத முடிகிறது. இது ஒரே இருப்பில் எழுதிய கடிதமும் இல்லை. கொஞ்சம் குசினி மேசையில், கொஞ்சம் எலிசபெத் லைன் ரயிலில், கொஞ்சம் வேலையில் கம்ப்யூட்டர் தன் வேலையை முடிக்கும்வரை சும்மா இருக்கும்போது எழுதியது. இப்போதெல்லாம் எனக்கு ஓரிடத்தில் இருக்க ஏலாமல் இருக்கிறது. இருந்தால் எழும்ப வேண்டும்போல் இருக்கும். எழும்பினால் எங்கே போவது என்று தெரியாது. குட்மேய்ஸ் ஸ்டேஷன்வரை நடந்துபோய், ரயில் ஏறாமல் திரும்பி வந்திருக்கிறேன். நான் அழவில்லை என்பதை நீ கவனித்திருப்பாய். பல்லுக்கு மருந்தூசி போட்ட பிறகு வாய் எங்கே இருக்கிறது என்று தெரியாதே, எனக்கு உடம்பு முழுக்க அப்படி இருக்கிறது.

வரும் ஞாயிற்றுக்கிழமை அம்மாவின் ஆட்டைத் திவசம், அவள் போய் ஒரு வருஷம். ஐயருக்குச் சொல்லியாயிற்று. எள்ளும் தண்ணீரும் இறைக்க வேண்டியவன் நீ. அவளுக்கு இருக்கிற ஒரே பிள்ளை நீதான். போன கிழமை நீ படிக்க மான்செஸ்டருக்குத் திரும்பும்போது பையைத் தோளில் போட்டுக்கொண்டு வாசலில் நின்று சொன்னாய்: "அந்தப் படத்துக்கு முன்னால நான் வந்து இருக்க மாட்டன் அப்பா. அது அம்மா இல்லை." நான் கதவைச் சாத்தினேன். சாத்திவிட்டு அந்தப் பக்கம் நீ போகும் சத்தம் கேட்கும்வரை நின்றேன். நீ கனநேரம் போகவில்லை. நானும் திறக்கவில்லை. அங்கே சொல்லாததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

அந்தப் படம் எப்படி வந்தது என்று நீ ஒருநாளும் கேட்கவில்லை. எவ்வளவு மாற்றினேன் என்றுதான் கேட்டாய். அம்மா ஆஸ்பத்திரியில் கண்ணை மூடிய மறுநாள், உன் பெரியம்மா ரெய்னர்ஸ் லேனிலிருந்து வந்து இறங்கினா. வீடு முழுக்கச் சனம். யாரோ தேத்தண்ணி போடுகிறார்கள், யாரோ என் தோளில் கை வைக்கிறார்கள். பெரியம்மா மட்டும்தான் வேலையாக நின்றா. "தம்பி, அவளின்ர வடிவான படம் ஒண்டு வேணும். மண்டபத்தில வைக்கிறதுக்கும், கல்வெட்டு அடிக்கிறதுக்கும்." முப்பத்தோராம் நாள் கிரியைக்கு வந்தவர்களுக்கெல்லாம் கொடுத்தோமே, தேவாரமும் அவளுடைய வாழ்க்கைக் குறிப்பும் அச்சடித்த அந்தச் சின்னக் கல்வெட்டுப் புத்தகம், அதன் அட்டைக்கும் இதே படம்தான். நான் மாடியில் போய் லாப்டொப்பைத் திறந்தேன். செய்ய ஒரு வேலை கிடைத்தது எவ்வளவு ஆறுதல் என்று உனக்குச் சொன்னால் விளங்குமோ தெரியாது. உன் மாமாவின் கல்யாண வீட்டில் அவள் திரும்பிப் பார்த்துச் சிரிக்கிற படம். அவளைச் சுற்றிக் கோடு போட்டேன், பின்னணியை மங்கலாக்கினேன், முகத்தைத் தனியாகப் பிரித்தேன். அதற்குப் பிறகு கை தன்பாட்டில் போனது. நிழலைத் தூக்கு, கன்னத்தில் மஞ்சளைக் குறை, கொஞ்சம் சிவப்பை விடு, இன்னும் கொஞ்சம் தூக்கு. டிவி நாடகங்களுக்கு நிறம் திருத்துகிற என் வேலையில் யாருடைய முகம் வந்தாலும் செய்வதைத்தான் செய்தேன்.

முப்பத்தோராம் நாள் மண்டபத்தில் எல்லோரும் படத்தைப் பார்த்து நல்லதாகத்தான் சொன்னார்கள். "சரியான லட்சணம்" என்றா ஒரு மாமி. நீ மட்டும் வேட்டியோடு வந்து படத்துக்கு முன்னால் நின்று, எல்லோருக்கும் கேட்கிற மாதிரிக் கேட்டாய்: "இது ஆர்?" நான் உன் காதுக்குள் என்ன சொன்னேன் என்று நினைவிருக்கும். "சத்தம் போடாத, சனம் பாக்குது." தாய்க்குக் கொள்ளி வைத்துவிட்டு நின்ற பிள்ளைக்கு நான் சொன்னது அவ்வளவுதான்.

பிறகு வருஷம் முழுக்க நாம் அதைப் பற்றிப் பேசவில்லை. படம் முன்னறையில் விளக்குக்கு மேலே இருந்தது. நீ லீவில் வருவாய், படத்துக்கு முதுகு காட்டி இருப்பாய். போன கிழமை சாப்பாட்டு மேசையில்தான் வெடித்தது.

"உண்மையைச் சொல்லுங்கோ அப்பா. அம்மாவின்ர நிறத்தை எவ்வளவு லைட்டன் பண்ணினீங்கள்?"

"வெளிச்சம் சரியில்லாத படம். சரிப்படுத்தினன்."

"எதுக்குச் சரியா?"

நான் பேச்சை மாற்றப் பார்த்தேன். "நானும் எத்தனை வருசமா இந்த நாட்டில வேலை செய்யிறன். ஒரு வெள்ளைக்காரனும் என்னை ஒண்டும் சொன்னதில்லை."

"சொல்ல என்ன கிடக்கு? அவங்கள் கேக்க முதலே நீங்கள் செய்து குடுக்கிறீங்கள்."

"அப்பாவை ஏசவோ யூனிவர்சிட்டியில சொல்லித் தருகினம்?"

"இல்லை. அது நானாப் படிச்சது."

அந்த இடத்தில் அம்மா இருந்திருந்தால் சிரித்திருப்பாள். எங்கள் இரண்டு பேருக்கும் சிரிக்கத் தெரியவில்லை.

உன்னுடைய கிரிட்டிக்கல் ரேஸ் தியரியை நீ மேசையில் கோப்பையைத் தட்டித் தட்டி விளக்கினாய். பஸ்ஸில் குடிவெறிகாரன் ஒருவன் கத்துவது மட்டும் இனவெறி இல்லை, அதைச் சட்டம் போட்டு நிறுத்திவிட்டாலும் மிச்சம் இருக்கும், ஒருவரும் கெட்டவராக இல்லாமலேயே நடக்கும், எது சாதாரணம் என்று எல்லோரும் ஏற்றுக்கொண்ட இடத்தில்தான் அது குடியிருக்கிறது, டிவியும் படமும் அந்தச் சாதாரணத்தைத் தினமும் வீட்டுக்குள் கொண்டுவந்து வைக்கின்றன என்றாய். நான் காது கொடுக்காதவன்போல் இருந்தேன். ஆனால் நான் கருவிகளோடு வேலை செய்கிறவன். தராசின் முள் பூச்சியத்தில் நிற்காவிட்டால், நிறுக்கிறவன் நல்லவனா கள்ளனா என்ற கேள்வியே பிறகுதான். அவன் எவ்வளவு நேர்மையாக நிறுத்தாலும் பிழையாகத்தான் வரும். நீ கோப்பையைத் தட்டிச் சொன்னது எனக்கு இப்படித்தான் விளங்கியது. விளங்கியதை உன்னிடம் காட்டவில்லை.

என் வேலையில் அந்த முள் எங்கே நிற்கிறது என்று உனக்குச் சொல்ல வேண்டும். எடுத்த காட்சி என்னிடம் வரும்போது சாம்பல் பூசினதுபோல் செத்துக் கிடக்கும். வானத்துக்கு நீலமும் முகத்துக்கு இரத்தமும் நான்தான் கொடுக்கிறேன். பழைய ஃபிலிம் காலத்தில் நிறம் சரியாக விழுகிறதா என்று பார்க்க ஒரு வெள்ளைக்காரப் பெண்ணின் படம் வைத்திருப்பார்களாம். அவளுடைய கன்னம் சரியாக வந்தால் எல்லாம் சரி. நான் தொழில் படிக்கும்போது இதை ஒரு பகிடிக் கதையாகத்தான் கேட்டேன். ஃபிலிம் போய்விட்டது, அந்தப் பெண்ணும் போய்விட்டாள், ஆனால் "ஸ்கின் சரியா இருக்கா" என்று கேட்கும்போது எங்கள் எல்லோருடைய மனதிலும் எழும்புகிற கன்னம் இன்னும் அவளுடையதுதான். என்னுடைய மனதிலும்தான். கதை லண்டனில் நடந்தால் நீலம் கலந்த குளிர்ச்சி. அதே கதை கொழும்புக்கோ லாகோஸுக்கோ போனால் மஞ்சள், புழுதி, வியர்வை. அந்த மஞ்சளை ஒவ்வொரு தரமும் புதிதாகச் செய்ய நேரமில்லை என்று நான் ஒரு பொத்தானில் சேமித்தே வைத்திருக்கிறேன். நீ சின்னப் பிள்ளையாக இருக்கும்போது டிவியில் அந்த மஞ்சளைப் பார்த்துக் கேட்டாய்: "அம்மாவின்ர ஊரில எப்பவும் பின்னேரமோ?" அம்மாவும் நானும் விழுந்து விழுந்து சிரித்தோம். மறுநாள் வேலைக்குப் போய் அதே பொத்தானை அழுத்தினேன்.

அம்மாவுக்கு இது தெரியாது என்று நினைக்காதே. டிவியில் நாடகம் பார்க்கும்போது அவளுக்கு ஒரு விளையாட்டு இருந்தது. எங்கள் நிறத்தில் யாராவது வந்தால் உடனே தீர்ப்புச் சொல்லுவாள். "இஞ்சருங்கோ, இவன் டொக்டர். ரெண்டு வசனம், பிறகு காணேல." "இவனின்ர தாடியைப் பாருங்கோ, குண்டு இவனிட்டத்தான்." "இந்தப் பெட்டையைத் தகப்பன் கட்டாயக் கலியாணம் கட்டி வைக்கப் போறான், இருந்து பாருங்கோ." அநேகமாகச் சரியாக வரும். சரியாக வந்தால் எனக்குத் தேத்தண்ணி போடுகிற முறை. பார்மசியில் முழுநாளும் நின்று வந்து, காலை நீட்டிக்கொண்டு, கதையைக் கதை தொடங்க முதலே முடித்துவைப்பாள். நீ இப்போது பக்கம் பக்கமாக எழுதுகிற விஷயத்தை அவள் சோபாவில் இருந்து சொல்லிக்கொண்டிருந்தாள். எனக்குத்தான் அது வெறும் பகிடியாகக் கேட்டது.

ஒரு விஷயம் எழுதலாமா வேண்டாமா என்று இந்தக் கிழமை முழுக்க யோசித்தேன். நீ ஆரம்பப் பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது ஒரு பகிடி நாடகம் டிவியில் போனது. அதில் வருகிற கடைக்காரனின் இங்கிலீஷை எல்லாப் பிள்ளைகளும் வகுப்பில் பேசிக் காட்டினார்கள், தலையை ஆட்டி ஆட்டி. நீயும் வீட்டில் பேசிக் காட்டினாய், அம்மாவும் சிரித்தாள். கொஞ்ச நாளில் அவளிடம் வந்து சொன்னாய்: "அம்மா, ஸ்கூல் கேட்டில நீங்கள் கதைக்க வேண்டாம். சும்மா நிண்டாக் காணும்." அவள் உன்னிடம் ஏன் என்று கேட்கவில்லை. அதற்குப் பிறகு அந்த வாசலில் உன் சிநேகிதரின் தாய்மார் கதைத்தால் சிரிப்பாள், தலையாட்டுவாள், அவ்வளவுதான். பார்மசியில் டொக்டர்மாரின் மருந்துச் சீட்டிலேயே பிழை பிடிக்கிறவளை உன் பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் தெரியாதவள் என்று நினைத்தார்கள். என்னிடம் மட்டும் ஒருநாள் சொன்னாள்: "அவனில பிழை இல்லையப்பா. அவன் என்ர குரலைக் கேக்க முதலே டிவியில அதைக் கேட்டிட்டான்."

உன்னைக் குத்துவதற்காக எழுதவில்லை, மகன். எழுதிவிட்டு வெட்டினேன், பிறகு திரும்ப எழுதினேன். நான் அவளுடைய முகத்தைத் திருத்தினேன், நீ அவளுடைய குரலை நிறுத்தினாய். நீ அப்போது குழந்தை, எனக்கு அந்தச் சாட்டு இல்லை. ஆனால் இரண்டு பேரும் அதை ஒரே இடத்தில்தான் படித்தோம், இரண்டு பேரும் அவளில் உயிரை வைத்திருந்தோம். உன்னுடைய தியரியில் எனக்குச் சகிக்க முடியாத பகுதி இதுதான். வெறுப்பு இருக்கிறவன் செய்தால் எனக்கு ஆளைத் தெரியும், சண்டை பிடிப்பேன். அன்பு வைத்தவர்களின் கையாலேயே வேலை நடக்கும்போது யாரோடு சண்டை பிடிப்பது?

இன்னுமொன்று. நீ யூனிவர்சிட்டிக்கு முதல் வருஷம் போனபோது உன் பக்கத்து அறைப் பையன் நைஜீரியாக்காரன் என்றாய். நான் கேட்ட முதல் கேள்வி, "அறையைப் பூட்டி வைக்கிறனியோ?" என்பது. அம்மா என் கையிலிருந்த போனைப் பறித்து, "அவனுக்கும் சேத்து இடியப்பம் கட்டித் தாறன், வந்து எடு" என்றாள். கள்ளன் வருகிற காட்சி, கத்திக் குத்து நடக்கிற சந்து, எல்லாவற்றையும் இருட்டாக்கி, அதில் வருகிற கறுப்பினப் பையன்களின் முகத்தில் கண்ணை மட்டும் மினுங்க விடுகிறவன் நான். நானே செய்த இருட்டைப் பார்த்து நானே பயந்திருக்கிறேன். இதற்கு வெள்ளைக்காரனை மட்டும் பிடித்துக்கொண்டு நீ தப்பப் பார்க்காதே. எங்கள் சனம் அந்தப் பையன்களைச் சொல்லுகிற சொல் உனக்குத் தெரியும். கலியாணம் பேசும்போது "கறுப்பெண்டாலும் களையான பெட்டை" என்று உன் அம்மாவைப் பற்றி என் வீட்டில் சொன்னதும், அதைப் பாராட்டு என்று நான் எடுத்துக்கொண்டதும் லண்டனில் நடந்தவை அல்ல.

நீ போன பிறகு செவ்வாய்க்கிழமை வேலையில் ஒரு காட்சி வந்தது. கதாநாயகி கொழும்பில் விமானத்தால் இறங்கி வெளியே வருகிறாள். நான் பொத்தானை அழுத்தவில்லை. மழை பெய்து விட்ட வானம், பச்சை மரம், மனிதருடைய நிறத்தில் மனிதர். பின்னால் சோபாவில் இருந்த டைரக்டர் பெண் நல்லவள், அம்மா செத்தபோது பூ அனுப்பியவள். பார்த்துவிட்டுச் சொன்னாள், இது இன்னும் லண்டனில் நிற்பதுபோல் இருக்கிறதே, ஏதாவது விட்டுப்போச்சா என்று. அங்கேயும் வானம் நீலம்தான் என்றேன். அவள் சிரித்தாள், நானும் சிரித்தேன். "தெரியும், ஆனால் பார்க்கிறவர்களுக்கு ஊர் மாறினது தெரிய வேண்டுமே" என்றாள். அதற்கு என்ன சொல்வது என்று யோசித்துக்கொண்டே பொத்தானை அழுத்தினேன். மஞ்சள் வந்து விழுந்தது. எதிர்த்து நின்றேன் என்று உனக்கு எழுத ஆசைதான். நிற்கவில்லை. ஆனால் முதல் தரமாக அழுத்தினது எனக்குத் தெரிந்தது. பின்னேரம் முழுக்க நாற்காலியில் இருக்க முடியாமல் ஐந்தாறு தரம் வெளியே போய் வந்தேன்.

அன்றைக்கு ரயிலால் இறங்கின உடனேயே பெரியம்மாவுக்கு போன் எடுத்தேன். படத்தை மாற்றப் போகிறேன் என்றேன்.

"ஏன் தம்பி? நல்ல படமெல்லே."

"அதில நான் அவளை வெளுப்பாக்கிப் போட்டன் அக்கா."

தெருவில் பஸ் போகிற சத்தம் போனுக்குள்ளும் கேட்டிருக்கும்.

"எனக்குத் தெரியும்," என்றா. "கண்ட உடனையே தெரியும். கூடப் பிறந்தனான், எனக்குத் தெரியாதே? சின்னனில வெய்யிலுக்க விடாமல் அவளை அடைச்சு வைச்சவை. என்னை விட்டவை. தமக்கை வெள்ளை, தங்கச்சி கறுப்பு எண்டு வாற சனமெல்லாம் அவளுக்கு முன்னாலயே சொல்லும். உயிரோட இருக்கேக்க கிடைக்காதது, செத்தாப் பிறகாவது கிடைக்கட்டும் எண்டு பேசாமல் இருந்தனான்."

உன்னுடைய படிப்பில் இதற்குப் பதில் இருந்தால் எனக்குச் சொல்லு. நான் அந்த நடைபாதையில் அப்படியே நின்றேன். கோபப்பட முடியவில்லை. சரியென்று சொல்லவும் முடியவில்லை.

"அப்ப படத்தை எடுத்தால் சனம் கேக்கும்," என்றா பெரியம்மா கடைசியாக. "நான் ஒண்டும் சொல்ல மாட்டன். நீர்தான் சொல்லோணும்."

பிறகு நான் படத்தைச் சரியாக்கப் பார்த்தேன். என் திருத்தத்தை எடுத்துவிட்டால் பழைய படம் வரும் என்று நினைத்தேன். வந்தது, ஆனால் அதுவும் அவள் இல்லை. அந்தக் கல்யாண வீட்டுப் படப்பிடிப்பாளன் ஏற்கனவே எல்லோருக்கும் வெளிச்சம் ஏற்றியிருக்கிறான். போன்களில் இருக்கும் படங்களைத் தேடினேன். ஒவ்வொரு போனும் தனக்குத் தெரிந்த மாதிரி ஒரு முகம் செய்து வைத்திருக்கிறது, ஒன்றில் ரோஸ், ஒன்றில் சாம்பல், ஒன்றில் மா பூசினதுபோல். நிறம் என் தொழில், மகன். இரண்டு சிவப்புக்கு நடுவில் இருக்கும் வித்தியாசத்தைச் சொல்லித்தான் சம்பளம் வாங்குகிறேன். எத்தனையோ வருஷம் பக்கத்தில் படுத்தெழும்பியவளின் கன்னம் என்ன நிறம் என்று திரைக்கு முன்னால் இருந்து யோசித்தேன். என்னால் பிடிக்க முடியவில்லை. அவளுடைய கால் விரல் ஞாபகம் வருகிறது, கோபித்தால் மூக்கு எப்படிப் போகும் என்பது வருகிறது, நிறம் வரவில்லை. அப்போதுதான் எனக்கு ஏதோ நடந்தது. அழுகை என்று சொல்ல மாட்டேன். மருந்தூசியின் விறைப்பு விடும்போது முதலில் குத்துமே, அப்படி.

ஆகவே உனக்குச் சொல்ல வைத்திருந்த புத்திமதி எல்லாம் குறைந்து போய்விட்டது. படி. கோபப்படு, உனக்கு அதற்கு உரிமை இருக்கிறது. ஆனால் படித்ததை வைத்து ஆட்களை நல்லவர் கெட்டவர் என்று பிரித்து முடித்துவிடாதே. முள் எங்கே நிற்கிறது என்று பார்க்கத்தான் அதைப் படிக்கிறாய், முதலில் உன்னுடைய முள்ளை. யாராவது உன்னிடம் சரியாக்கித் தா என்று கேட்டால், "எதுக்குச் சரியா?" என்று நீ என்னிடம் கேட்ட கேள்வியைக் கேள். நான் கேட்காமல் இத்தனை வருஷம் போய்விட்டது. கேட்டிருந்தால் வேலை போயிருக்குமோ என்னவோ. அதையும் பொய் சொல்லாமல் எழுதுகிறேன்.

படத்தை நேற்றுக் கழற்றிவிட்டேன். வேறு படம் மாட்டவில்லை. ஐயரிடம் கேட்டேன், படம் இல்லாமல் திவசம் செய்யலாமா என்று. "படமெல்லாம் இப்ப வந்த பழக்கம். பேரும் திதியும் தெரிஞ்சாக் காணும், பிள்ளை வந்து இறைச்சாக் காணும்" என்றார். நீ வந்தால் போன்களை எல்லாம் பரப்பி வைத்து இரண்டு பேருமாகத் தேடலாம். எந்தப் படத்தில் அவள் இருக்கிறாள் என்று நீ சொல்லு, நான் எதையும் தொட மாட்டேன். ஒன்றிலும் இல்லை என்றால் ஒன்றும் வேண்டாம்.

ஞாயிற்றுக்கிழமை கல்வெட்டைப் பத்திரமாக வைத்திருக்கிற சனமெல்லாம் வரும். சுவரைப் பார்த்து, "எங்க அந்த வடிவான படம்?" என்று யாராவது ஒருவர் கட்டாயம் கேட்பார். பெரியம்மா என்னைத்தான் பார்ப்பா. சோறு பரிமாறுகிற நேரத்தில், அத்தனை பேருக்கு முன்னால், நான் வாயைத் திறந்து சொல்ல வேண்டும். என்ன சொல்ல வேண்டும் என்று எனக்குத் தெரியும். சொல்லும்போது நீ என் பக்கத்தில் நிற்க வேண்டும்.

அப்பா